தார் போடாத சாலையின் மவுசு

சாலைக்குத் தார் போடவில்லை என்று மறியல் நடப்பது நமக்குப் பழக்கமான செய்தி. இத்தாலியில் டஸ்கனி மாநிலத்தின் ஒரு மூலையில் கதை தலைகீழ். அங்கே சில சாலைகளுக்கு யாராவது தார் போட்டுவிடப் போகிறார்களே என்றுதான் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையிலிருந்து ஒரு பந்தயம் பிறந்தது, ஒரு வியாபாரம் பிறந்தது, வருடா வருடம் ஆயிரக்கணக்கான பேர் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்து புழுதி தின்றுவிட்டுப் போகும் வழக்கமும் பிறந்தது.

ஃபிளாரன்ஸ் நகருக்கும் சியெனா நகருக்கும் இடையில் இருக்கும் குன்றுப் பிரதேசத்துக்குக் கியான்ட்டி என்று பெயர். ஒயின் பாட்டில்களில் பார்க்கும் அதே பெயர்தான். திராட்சைத் தோட்டம், ஆலிவ் தோப்பு, நடுநடுவே ஓக் மரக் காடு. இவற்றுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடும் சரளைச் சாலைகளை அந்த ஊர்க்காரர்கள் 'ஸ்ட்ராடே பியாங்க்கே' என்கிறார்கள். வெள்ளைச் சாலைகள் என்று பொருள். சுண்ணாம்புக்கல் நொறுங்கிக் கிடப்பதால் அந்த வெண்மை. வெயில் ஏறினால் கண் கூசும்.

சைக்கிளில் ஊர் சுற்ற வரும் குழுக்கள் தேடி வருவது இந்தச் சாலைகளைத்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு சீசன். செப்டம்பரும் அக்டோபரும் இன்னொன்று. ஒரு குழுவில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். வழிகாட்டி ஒருவர் முன்னால் போவார், இன்னொருவர் கடைசியில் வருவார். பெட்டி படுக்கைகளோடு ஒரு வேன் வேறு வழியாகப் போய்ச் சேரும். மூச்சு முட்டியவர்களை ஏற்றிக்கொள்வதும் அந்த வேன்தான். முதல் நாள் அதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் மூன்றாம் நாள் 'வேன் எங்கே?' என்று கேட்பது வாடிக்கை.

கயோலே என்ற சின்ன ஊர் இதற்கெல்லாம் தலைநகர் மாதிரி. மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். சுற்றியிருந்த கோட்டைகளுக்கு ஒரு காலத்தில் சந்தை கூடிய இடம். காலை எட்டரை மணிக்கு அந்த ஊர்ச் சதுக்கத்தில் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி வைத்து, வழிகாட்டி பாடம் நடத்துவார். இத்தாலியச் சட்டப்படி, ஊருக்கு வெளியே சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி அரட்டை அடிக்கக்கூடாது. சைக்கிள்காரரை முந்தும் கார், சாலையில் இடம் இருந்தால், ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று 2024இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு லிட்டர் ரத்தத்தில் அரை கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கார் ஓட்டுபவர் மட்டுமல்ல, சைக்கிள் ஓட்டுபவரும் குற்றவாளிதான். ஒயின் ருசி பார்க்க வந்த கூட்டத்துக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி. ருசி பார்ப்பதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பார் வழிகாட்டி.

பிறகு டயர் பரிசோதனை. சரளையில் போகும் சைக்கிளுக்கு அகலமான டயர் வேண்டும். காற்றும் கல் போல் இறுகியிருக்கக்கூடாது. கொஞ்சம் குறைத்து வைத்தால் டயர் கற்களின் மேல் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். அந்தத் துள்ளல் எல்லாம் கைக்கும் இடுப்புக்கும்தான் வந்து சேரும்.

அன்றைய சுற்று ஐம்பது, அறுபது கிலோமீட்டர். நம் ஊர்ச் சமவெளியில் இது ஒரு காலை நேர வேலை. இங்கே ஒரு முழு நாள். ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும் நிலம் இது. ஒரு மேட்டில் சம்பாதித்த உயரத்தை அடுத்த இறக்கம் பிடுங்கிக்கொள்ளும்.

முதல் ஏற்றம் ப்ரோலியோ கோட்டைக்கு. கோட்டையை ஒட்டி ஏறும் வெள்ளைச் சாலையின் இருபுறமும் சைப்ரஸ் மரங்கள் காவலுக்கு நிற்கும். கோட்டை 1141 முதல் ரிகசோலி குடும்பத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. அந்தக் குடும்பத்தின் பெட்டினோ ரிகசோலி, இத்தாலி ஒரே நாடாக ஒன்றுபட்ட 1861இல் அதன் இரண்டாவது பிரதமர் ஆனவர். 'இரும்புப் பிரபு' என்று பட்டப்பெயர். தோட்டத்தில் பல வருடம் சோதனை செய்து, எந்தத் திராட்சையோடு எதைக் கலந்தால் கியான்ட்டி ஒயின் சரியாக வரும் என்று 1872இல் ஒரு பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம்தான் கியான்ட்டி ஒயினுக்கு வெகுகாலம் இலக்கணமாக இருந்தது.

கோட்டையைத் தாண்டிப் பியனெல்லாப் பக்கம் இறங்கும்போதுதான் சரளையின் குணம் தெரியும். பயந்து முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் முரண்டு பிடிக்கும். கையைத் தளர்த்தி, உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துக்கொண்டு, பின் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தால் சைக்கிள் தானே வழி பார்த்துக்கொள்ளும். கார்கள் ஓடி ஓடிச் சாலையில் குறுக்கே அலை அலையாக மேடு பள்ளம் விழுந்திருக்கும் இடங்களில் பல் கிட்டிக்கும். எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஓரமாக நின்று, புழுதி அடங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொள்வது உத்தமம்.

குழுவாகச் சைக்கிள் ஓட்டுவதில் உள்ள உண்மையான சிக்கல் சாலை அல்ல, கால்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கால்கள் இல்லை. மேடு தொடங்கியதும் வலுவானவர்கள் முன்னே போய்விடுவார்கள். உச்சியில் மர நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, படம் எடுத்து, பத்து நிமிடம் காத்திருப்பார்கள். கடைசி ஆள் முகம் சிவக்க வந்து சேர்ந்ததும் எல்லாரும் எழுந்துகொள்வார்கள். 'வந்தாச்சா? கிளம்பலாமா?' அதிகம் ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. தேவைப்படாதவருக்குப் பத்து நிமிடம்! ஒரு நாளில் ஐந்தாறு முறை இப்படி நடந்தால், கடைசி ஆள் களைத்துப் போவது உடம்பால் மட்டும் அல்ல. தன்னால் எல்லாருக்கும் தொந்தரவு என்ற எண்ணம் ஏற்றத்தைவிடக் கனமானது. விடுமுறைக்கு வந்த தம்பதியர் பேசாமல் சாப்பிடும் இரவுகள் இப்படித்தான் உண்டாகின்றன.

விவரம் தெரிந்த வழிகாட்டிகள் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஓய்வு நேரம் கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் தொடங்கும். சாலை பிரியும் இடத்தில் முன்னால் போகிறவர் ஒருவர் நின்று, அடுத்து வருபவரைப் பார்த்து வழி சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். அதன் பிறகு அந்த அடுத்தவர் நிற்பார். இப்படிச் செய்தால் யாரும் தொலைந்து போவதில்லை. எல்லாருக்கும் ஒரு முறையாவது காத்திருக்கும் வேலை வரும். அண்மைக் காலத்தில் மின்சார மோட்டார் வைத்த சைக்கிள்களும் இந்தப் பிரச்சினையைப் பாதி தீர்த்திருக்கின்றன. முன்பு வேனில் போன மனைவியோ, முழங்கால் வலிக்காரக் கணவரோ இப்போது மேட்டில் சிரித்தபடி முந்திப் போவதைப் பார்க்கலாம். பழைய ஆட்கள் இதை ஏமாற்று வேலை என்று முணுமுணுப்பார்கள். கேட்டுக்கொள்ள யாரும் இல்லை.

மதியம் ஏதாவது ஒரு ஊரில் சாப்பாடு. ஒரு மணிக்குக் கடைகள் கதவை இழுத்து மூடிவிடும். சாயந்திரம் வரை திறக்காது. அதற்குள் போய்ச் சேராவிட்டால் பட்டினிதான். உப்பே போடாத டஸ்கனி ரொட்டி முதல் வாயில் சப்பென்று இருக்கும். கூட வரும் பன்றி இறைச்சியிலும் பாலாடைக் கட்டியிலும் உப்பு தூக்கலாக இருப்பதால் கணக்குச் சரியாகிவிடும். மிஞ்சிய ரொட்டியை வீணாக்காத ஊர் இது. காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தக்காளி, வெங்காயத்தோடு பிசைந்தால் 'பன்ஸனெல்லா'. பீன்ஸும் கீரையும் போட்ட சூப்பில் ரொட்டியை ஊறவைத்து மறுநாள் மறுபடியும் கொதிக்கவைத்தால் 'ரிபொல்லிதா'. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் இந்தப் பதார்த்தங்கள் இரண்டும் ஏழைகளின் அடுப்பில் பிறந்தவை.

சாலைகளும் அப்படித்தான். பயணிகளின் விளம்பரத் தாள்களில் வராத விஷயம் அது.

குன்றுக்குக் குன்று தனித்தனியாக நிற்கும் கல் வீடுகளைப் பார்த்து யாரும் சொக்கிப்போவார்கள். இன்று பல வீடுகளில் நீச்சல் குளம் இருக்கிறது. அறுபது, எழுபது வருடத்துக்கு முன்னால் அவற்றில் இருந்தவர்கள் வாரக் குடியானவர்கள். 'மெட்ஸாத்ரியா' என்பது அந்த முறையின் பெயர். பாதி என்ற சொல்லிலிருந்து வந்தது. நிலமும் வீடும் பிரபுவுடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. கீழ்த்தளத்தில் மாடுகள், மேல்தளத்தில் மனிதர்கள். குளிர்காலத்தில் மாடுகளின் உடல் சூடுதான் மேலே இருந்தவர்களுக்குக் கணப்பு. குடும்பத்தில் ஒரு கல்யாணம் என்றால்கூட நிலச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். ஒரு பண்ணை வீட்டிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து தேவாலயத்துக்கும், பிரபுவின் கிடங்குக்கும் மாட்டு வண்டி போன தடங்கள்தான் இன்றைய வெள்ளைச் சாலைகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொழிற்சாலைகள் கூப்பிட்டன. 1950களிலும் 60களிலும் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். குழாயில் தண்ணீர், சுவரில் மின்சாரம், மாதம் பிறந்தால் சம்பளம். பாதி விளைச்சலுக்காக யார் திரும்பி வருவார்கள்? புதிதாக வார ஒப்பந்தம் போடுவதை 1964இல் சட்டம் தடை செய்தது. அதற்குள் பல வீடுகளில் ஆள் இல்லை. கூரைகள் சரிந்தன. அந்த வீடுகளை ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் மலிவாக வாங்கினார்கள். ஆங்கிலேயர்கள் ஏராளமாகக் குடியேறியதால் இங்கிலாந்தின் ஒரு ஜில்லாவைப் போலக் 'கியான்ட்டிஷயர்' என்று கேலிப் பெயரே வந்தது. 1985இல் பண்ணை விடுதிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. நிலத்தில் விவசாயம் செய்பவர் தம் வீட்டில் விருந்தாளிகளைத் தங்கவைத்துச் சம்பாதிக்கலாம். ஆனால் விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சைக்கிள் குழுக்கள் இரவு தங்குவது பெரும்பாலும் இத்தகைய விடுதிகளில்தான். ஒரு காலத்தில் மாடு கட்டிய இடத்தில் இப்போது சாப்பாட்டு மேசை.

வீடுகளுக்கு இப்படி வாழ்வு வந்தது. சாலைகளுக்கு? ஆள் நடமாட்டம் இல்லாதவற்றைப் புதர் மூடியது. நடமாட்டம் உள்ளவற்றுக்கு ஒவ்வொன்றாகத் தார் போட்டார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. புழுதி பறக்கும் சாலை ஓரத்தில் துணி காயப்போடுகிற வீட்டுக்காரரைக் கேட்டால் தார் வேண்டும் என்றுதான் சொல்வார். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக வேண்டியவரும் அதையேதான் சொல்வார்.

கயோலே ஊரைச் சேர்ந்த ஜான்கார்லோ ப்ரொச்சி இதில் குறுக்கே புகுந்தார். பழைய சைக்கிள் பந்தயங்களின் மேல் அவருக்குப் பைத்தியம். பந்தயச் சாலைகள் எல்லாம் சரளையாக இருந்த காலம் அது. பஞ்சர் ஆனால் மாற்றுவதற்குத் தோளில் எட்டு போல டயரைச் சுற்றிக்கொண்டு, புழுதிக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள். ஃபிளாரன்ஸ் அருகே பிறந்த ஜீனோ பார்த்தாலி அந்தக் காலத்து வீரர். உலகத்தின் பெரிய பந்தயமான டூர் டி பிரான்ஸை 1938இல் ஒரு முறையும், இடையில் போர் வந்துபோய்ப் பத்து வருடம் கழித்து 1948இல் இன்னொரு முறையும் ஜெயித்தவர். போர்க் காலத்தில் பயிற்சிக்குப் போவது போல ஓட்டிக்கொண்டு போய், யூதர்களைக் காப்பாற்றுவதற்கான போலி அடையாளச் சீட்டுகளைச் சைக்கிள் குழாய்க்குள் மறைத்து எடுத்துப் போனவர். அதைப் பற்றி அவர் பெருமையடித்துக்கொள்ளவே இல்லை. 2000இல் அவர் இறந்து பதின்மூன்று வருடம் கழித்துத்தான் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் அவரைக் கௌரவித்தது.

அந்தத் தலைமுறையின் நினைவையும் அவர்கள் ஓட்டிய மாதிரிச் சாலைகளையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்று ப்ரொச்சி நினைத்தார். 1997இல் கயோலேயில் 'எரோயிக்கா' என்ற சவாரியைத் தொடங்கினார். வீர சவாரி என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வருடம் வந்தவர்கள் 92 பேர். இப்போது ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அக்டோபர் மாத முதல் வாரக் கடைசியில், 1987க்கு முந்தைய மாடல் பந்தய சைக்கிளில், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, விடிவதற்கு முன் ப்ரோலியோ மேட்டில் விளக்குகளின் வெளிச்சத்தில் ஏறுகிறார்கள். நீண்ட சுற்று 200 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஒயினில் தோய்த்துச் சர்க்கரை தூவிய ரொட்டியும் ரிபொல்லிதாவும் கிடைக்கும். யார் முதலில் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்கும் பந்தயம் பத்து வருடம் கழித்து வந்தது. 2007இல் தொழில்முறை வீரர்களுக்காக இதே சாலைகளில் ஒரு பந்தயம் தொடங்கியது. முதல் வெற்றி ரஷ்யாவின் அலெக்சாண்டர் கொலோப்னெவுக்கு. அடுத்த வருடத்திலிருந்து மார்ச் மாதத்துக்கு மாறியது. 2015 முதல் பெண்களுக்கும் தனிப் பந்தயம். பந்தயத்தின் பெயரே 'ஸ்ட்ராடே பியாங்க்கே'. முடியும் இடம், குதிரைப் பந்தயத்துக்குப் பேர் போன சியெனா நகரின் காம்போ சதுக்கம். ஸ்விட்சர்லாந்தின் ஃபேபியன் கான்செலாரா 2008, 2012, 2016 என்று மூன்று முறை ஜெயித்ததும் ஒரு சரளைச் சாலைப் பகுதியை அவர் பெயருக்கு அர்ப்பணித்தார்கள். ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சர் 2025இல் வழியில் விழுந்து உடம்பெல்லாம் சிராய்ப்போடு எழுந்து வந்து ஜெயித்தார். தொலைக்காட்சியில் இந்தப் புழுதியைப் பார்த்த உலகம் அந்தப் புழுதியே வேண்டும் என்று கிளம்பி வந்தது. எரோயிக்காவின் நீண்ட சுற்றுக்கு இப்போது வருடம் முழுவதும் வழிகாட்டிப் பலகைகள் நிற்கின்றன.

தார் போடாமல் விட்டுவிட்டால் செலவு மிச்சம் என்று நினைத்தால் தப்பு. மழைக்காலத்தில் தண்ணீர் சரளையை அரித்துக்கொண்டு போகும். ஓரக் கால்வாயைத் தூர்வார வேண்டும். குழி விழுந்த இடத்தில் கல் கொட்டி, சமப்படுத்தி, உருளை ஓட்ட வேண்டும். சில மாதங்களில் மறுபடியும் அதே வேலை. அந்தச் சாலையால் ஊருக்கு வருமானம் உண்டு என்று கணக்குக் காட்டினால்தான் பணம் ஒதுக்குவார்கள். அந்தக் கணக்கைக் காட்டுவது சைக்கிள்கள்தான். அழகு என்ற ஒரே காரணத்துக்காக எந்த ஊராட்சியும் ஒரு சாலையை அதிக நாள் காப்பாற்றியதில்லை.

மாலையில் குழு ராடா ஊர் மேட்டில் கடைசி மூச்சைப் பிடித்து ஏறும். அங்கிருந்து கயோலேவுக்குப் பெரும்பாலும் இறக்கம். ராடா வந்ததும் கறுப்புச் சேவல் கதையைச் சொல்லாத வழிகாட்டி கிடையாது. கியான்ட்டி யாருக்குச் சொந்தம் என்று ஃபிளாரன்ஸும் சியெனாவும் ஓயாமல் சண்டை போட்டன. கடைசியில் ஒரு ஏற்பாடு. இரண்டு நகரிலிருந்தும் சேவல் கூவியதும் ஒரு குதிரை வீரர் கிளம்ப வேண்டும். இருவரும் சந்திக்கும் இடம்தான் எல்லை. சியெனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு வயிறு நிறையத் தீனி போட்டார்கள். அது சுகமாகத் தூங்கியது. ஃபிளாரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசியில் அது நடுராத்திரியே கூவிவிட்டது. ஃபிளாரன்ஸ் வீரர் சியெனாவுக்குப் பக்கத்தில் ஃபொன்டெருத்தொலி வரை வந்துவிட்டார். கியான்ட்டி முழுவதும் ஃபிளாரன்ஸுக்குப் போனது. கியான்ட்டி கிளாசிக்கோ பாட்டில்களின் கழுத்தில் இன்றும் கறுப்புச் சேவல்தான் முத்திரை.

கதை உண்மையோ பொய்யோ, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒயிலான அந்தச் சின்னம் ஒரு பட்டினிச் சேவல். ருசியான அந்தச் சூப் பழைய ரொட்டி. கண்ணைப் பறிக்கும் அந்தச் சாலை, மாட்டு வண்டி ஓட்டி அலுத்துப்போனவர்கள் விட்டுவிட்டுப் போனது. வறுமை போட்ட பாதையில் வசதி சவாரி செய்கிறது. அதற்காகப் பயணிகள் வெட்கப்பட வேண்டியதில்லை. அவர்கள் வராவிட்டால் பாதையே இருக்காது. ஆனால் வீடுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்கலாம். டிராக்டர்காரருக்கு வழி விட்டுக் கையசைக்கலாம். தண்ணீரும் ரொட்டியும் வேனிலிருந்து எடுக்காமல் ஊர்க் கடையில் வாங்கலாம். ஊரில் மிஞ்சியிருப்பவர்களுக்கும் அந்தச் சாலையால் பலன் உண்டு என்றால்தான் அவர்கள் புழுதியைப் பொறுத்துக்கொள்வார்கள்.

கூடவே, மேட்டின் உச்சியில் காத்திருக்கும்போது, கடைசி ஆள் வந்து மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து முடிக்கும் வரை எழுந்துகொள்ளாமல் இருக்கலாம். மெதுவாகப் போகிறவர்களுக்காகக் காப்பாற்றப்பட்ட சாலையில் அவ்வளவு அவசரம் என்ன?